தீவில் ஒரு செடி, திண்ணையில் ஒரு குருவி

உலகின் உயிரினங்களுள் எவை அழியும் நிலையில் இருக்கின்றன என்பதைத் தொகுத்துப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிடும் சிவப்புப் பட்டியலில், எங்கள் இராமநாதபுரக் கடற்கரையில் வாழும் இரண்டு உயிர்கள் ஒரே வகுப்பில் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று, மண்டபத்தில் ஏறத்தாழ எந்த வீட்டு முற்றத்திலும் காணக்கூடிய ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. மற்றொன்று, தாவரவியலார் பெம்பிஸ் அசிடுலா என்று அழைக்கும், மன்னார் வளைகுடாத் தீவுகளின் கரையோரத்தில் வளரும் வெண்பூக் குறுமரம். இரண்டுமே அந்தப் பட்டியலின்படி அதிகக் கவலை தேவைப்படாத இனங்கள். தேன்சிட்டைப் பொறுத்தவரை அது சரியே என்று யாரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால், இதே மாவட்டத்தில் பிறந்து, கடலோடு வாழ்ந்து, முதுமை எய்தியவர்களிலும் பலர் ஒருமுறைகூடக் கண்டிராத ஒரு செடி, அவர்களுடைய வாசலுக்கு நாள்தோறும் வந்து போகும் ஒரு குருவியோடு ஒரே வரிசையில் நிற்பது எவ்வாறு? இந்தக் கேள்வி என்னை நெடுங்காலம் விடவில்லை. அதற்கு விடை தேடியபோது கிடைத்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் குருவி. எங்கள் பக்கத்தில் ஊதாத் தேன்சிட்டு, நீண்ட அலகுள்ள லோட்டன் தேன்சிட்டு, ஊதாப்பிட்டத் தேன்சிட்டு ஆகிய மூன்றும் உண்டு. பேச்சில் மூன்றுக்கும் தேன்சிட்டு என்ற ஒரே பெயர்தான். நான் சொல்ல வருவது மூன்றாவதை. ஆணின் உச்சந்தலை பச்சையாக மின்னும், தொண்டை ஊதா, மார்பில் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை, அதற்குக் கீழே வயிறு மஞ்சள். முதுகுக்குக் கீழே, வால் தொடங்கும் இடத்தில் உள்ள ஊதா மினுக்கமே இதற்குப் பெயர் தந்தது. பெண்ணுக்கு இந்த ஆடம்பரம் இல்லை. மேலே சாம்பல் கலந்த பழுப்பு, தொண்டை வெளுப்பு, கீழே மங்கலான மஞ்சள். அலகிலிருந்து வால்நுனிவரை 10 சென்டிமீட்டருக்கும் குறைவு. எடை 10 கிராம் அளவில். ஊதாத் தேன்சிட்டின் ஆண், இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் தன் நிறத்தைப் பெரும்பாலும் இழந்து, பெண்ணைப் போலத் தோன்றத் தொடங்கிவிடும். ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் ஆண் ஆண்டு முழுவதும் ஒரே கோலத்தில் இருக்கும்.

இந்தப் பறவை நம்மோடு வாழக் கற்றுக்கொண்ட விதம் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. இராமநாதபுரம் மழைக்கு ஏங்கும் மண். வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்கள் போக, மற்ற மாதங்களில் உடைமரமும் பனையும் சீமைக்கருவேலமும் தவிரக் கண்ணுக்குப் பசுமை குறைவு. ஆனால் வீடு என்று ஒன்று இருந்தால் அதன் பின்புறம் ஒரு முருங்கை இருக்கும். கிணற்றடியில் ஒரு வாழை இருக்கும். வாசலில் செம்பருத்தி இருக்கும். பாத்திரம் கழுவிய நீரிலும் குளித்த நீரிலும் அவை ஆண்டு முழுவதும் பூத்துக்கொண்டிருக்கும். தேன்சிட்டுக்கு அந்த நீரே போதும்; அது பூவின் வழியாக அதைச் சென்றடைகிறது. முருங்கைப் பூவுக்குள் நேர்வழியில் அலகை நுழைக்கும் இந்தக் குருவி, செம்பருத்தி போன்ற பெரிய பூக்களில் சில வேளைகளில் அடிப்பகுதியைத் துளைத்து, மகரந்தத்தைத் தொடாமலேயே தேனை எடுத்துச் சென்றுவிடும். அமெரிக்கக் கண்டத்தின் ஓசனிச்சிட்டுகளைப் போல நெடுநேரம் காற்றில் நின்று உண்ணும் திறன் இதற்கில்லை. ஒரு கணம் படபடத்துவிட்டுக் காம்பிலோ கிளையிலோ அமர்ந்துதான் உண்ணும். குஞ்சுகளுக்குத் தேன் போதாது என்பதால் அந்நாட்களில் சிலந்தியும் சிறு பூச்சியும் தேடும்.

கூடு இன்னும் நெருக்கமான செய்தி. எங்கள் வீட்டுத் திண்ணையின் மேல் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பழைய மின்கம்பியின் வளைவில் ஒரு முறை பெண்குருவி கூடு கட்டத் தொடங்கியது. தேன்சிட்டுகளில் கட்டும் வேலை பெரும்பாலும் பெண்ணுடையது. நார், பஞ்சு, மரப்பட்டைத் துணுக்கு, காய்ந்த பூவிதழ் என்று கண்டதையெல்லாம் கொண்டுவந்து, அவற்றைச் சிலந்தி வலை நூலால் பிணைத்து, ஒரு நீண்ட பையாகத் தொங்கவிட்டது. பக்கவாட்டில், மேற்பகுதியில் ஒரு வாசல்; அந்த வாசலுக்கு மேல் மழையும் வெயிலும் படாதபடி நீட்டிய ஒரு சிறு கூரை. வெளிப்புறத்தில் குப்பைபோல ஒட்டியிருக்கும் பட்டைத்துணுக்குகளால், காற்றில் வந்து சிக்கிய சருகுக் கொத்து என்றே முதலில் தோன்றும். அதற்குக் கீழேதான் எங்கள் துணிக்கொடி. என் அத்தை பார்த்துவிட்டு, “குஞ்சு பறந்து போற மட்டும் இந்தக் கொடியில துணி போட வேண்டாம்மா” என்றார். அதற்குமேல் அவ்வீட்டில் அதைப் பற்றி விவாதம் நிகழவில்லை. பெரும்பாலும் இரண்டு முட்டைகள். பொரிக்க இரண்டு வாரங்களுக்கும் சற்று மேல். பொரித்த பின் ஏறத்தாழ அதே அளவு நாட்களில் குஞ்சு கூட்டை விட்டுவிடும். ஒரு குடும்பம் ஒரு மாதத்துக்குத் துணியை வேறிடத்தில் உலர்த்துவது பெரிய தியாகமன்று. ஆனால் இத்தகைய சிறு விட்டுக்கொடுத்தல்கள் கடற்கரை ஊர்கள் முழுவதும் நடப்பதால்தான் இந்தப் பறவை எளிதில் காணக்கூடியதாக இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

இனி அந்தச் செடி. மன்னார் வளைகுடாவில் பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, கரைக்கு இணையாக, 21 தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. 1986-இல் இவை கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன; 1989-இல் வளைகுடாவின் பெரும்பகுதி உயிர்க்கோளக் காப்பகமானது. பூங்காவின் பரப்பு 560 சதுர கிலோமீட்டர் என்று படிக்கும்போது பெரிதாகத் தோன்றும். ஆனால் அதில் நீருக்குமேல் நிற்கும் நிலம், 21 தீவுகளையும் கூட்டினாலும், 6 சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். அனுமதியின்றி இத்தீவுகளில் கால் வைக்க இயலாது. பாம்பனுக்கு அருகே குந்துகாலிலிருந்து வனத்துறை படகில் குருசடைத் தீவுக்குச் சென்றபோதுதான் பெம்பிஸை நான் முதன்முதலாகக் கண்டேன்.

கண்ட இடம் மறக்க முடியாதது. தீவின் உட்பகுதியில் உயரமான மரங்கள் நிற்க, கடலை நோக்கிய விளிம்பில், அலை ஏறும் கோட்டுக்குச் சற்று மேலே, இறந்த பவளத்துண்டுகள் குவிந்து கிடக்கும் மேட்டில், மண் என்று சொல்ல எதுவும் இல்லாத இடத்தில், அது வேர் பிடித்து நின்றது. ஆளுயரம்தான். கிளைகள் முறுக்கேறி, காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்திருந்தன. இலைகள் சிறியவை, தடித்தவை. அவற்றின்மேல் பட்டுப்போன்ற நுண்மயிர் படர்ந்திருந்ததால் செடி முழுவதும் சாம்பற்பச்சையாகத் தெரிந்தது. அந்த இலைக்கிடையே வெள்ளைப் பூக்கள்: ஆறு இதழ்கள், ஒவ்வொன்றும் கசங்கிய மெல்லிய துணியைப் போன்றவை. எங்களோடு வந்த உள்ளூர் வழிகாட்டிப் பெண்மணி, மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவர், “இது நம்ம ஊர்க் கரையில கெடையாதுக்கா. தீவுலதான் பாக்கலாம்” என்றார். மண்டபத்திலும் அதைச் சுற்றியுள்ள பெருநிலக் கரையிலும் எத்தனையோ காலை நடந்திருக்கிறேன். அடம்பும் இராவணன் மீசையும் உமிரியும் அங்கே கால்தோறும் உண்டு. இந்தச் செடி இல்லை.

அந்தக் கசங்கிய இதழ் ஓர் உறவைக் காட்டிக்கொடுக்கிறது. பெம்பிஸ், மருதாணி, மாதுளை, பூமருது ஆகியவை ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கையில் இட்டுக்கொள்ளும் மருதாணியின் பூவையும், மாதுளம்பூவையும், சாலையோரப் பூமருதின் பூவையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், மொட்டுக்குள் மடிந்து கிடந்து விரிந்த அந்தச் சுருக்கம் எல்லாவற்றிலும் தெரியும். ஐரோப்பியத் தாவரவியலுக்கு இச்செடியை அறிமுகப்படுத்தியவர்கள் ஃபார்ஸ்டர் தந்தையும் மகனும். கேப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில், 1772 முதல் 1775 வரை, பசிபிக் தீவுகளில் அலைந்த யோகன் ரைன்ஹோல்டு ஃபார்ஸ்டரும் கியார்க் ஃபார்ஸ்டரும் திரும்பி வந்து வெளியிட்ட நூலில் பெம்பிஸ் என்னும் பேரினம் இடம்பெற்றது. இலையில் புளிப்பு உண்டு. இனப்பெயரான அசிடுலா அதைக் குறிப்பது.

இங்கேதான் என் கேள்விக்கு முதல் விடை கிடைத்தது. எங்கள் தீவில் கண்ட இந்தச் செடியைப் பசிபிக்கில் கண்டு எழுதினார்கள் என்றால், அதன் வாழிட எல்லை எவ்வளவு பெரிது! ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை, மடகாஸ்கர், செஷல்ஸ், மாலத்தீவு, இலட்சத்தீவு, இலங்கை, அந்தமான் நிக்கோபார், மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், வட ஆஸ்திரேலியா, அப்பால் பசிபிக்கின் சிறு தீவுகள் என்று, வெப்பமண்டலக் கடல்கள் இரண்டின் குறுக்கே அது பரவி நிற்கிறது. செஷல்ஸைச் சேர்ந்த அல்டாப்ராவில், பேராமைகள் வாழும் அந்தப் பவளத்தீவில், பெம்பிஸ் புதர் மிகப் பெரும் பரப்பை மூடி நிற்கிறது. மனிதன் நுழைந்து நடக்கவே கடினமான அடர்த்தி. அங்கே பிறந்த ஒருவரிடம் இது அரிய செடி என்று சொன்னால் சிரிப்பார்.

மாறாக, நம் திண்ணைத் தேன்சிட்டு எங்கெல்லாம் உண்டு? இந்தியத் தீபகற்பம், இலங்கை, வங்காளதேசம், மியான்மரின் மேற்குப் பகுதி. அவ்வளவே. அதற்கப்பால் உலகில் எங்கும் இல்லை. மாலத்தீவுக்காரர் ஒருவர் பெம்பிஸைத் தன் வீட்டுக்கருகே காண்பார். ஆனால் இந்தக் குருவியைக் காண அவர் கடல் கடந்து நம்மிடம்தான் வர வேண்டும். நமக்கு அரியதாகத் தோன்றும் செடி பாதி உலகத்துக்குச் சொந்தம். நமக்குச் சலித்துப்போகும் அளவுக்குத் தெரிந்த குருவி, இந்தத் துணைக்கண்டத்துக்கு மட்டும் உரிய செல்வம். மன்னார் வளைகுடாவைப் பற்றிய சில குறிப்புகளில் பெம்பிஸ் இத்தீவுகளுக்கே உரியது என்று எழுதப்பட்டிருக்கிறது. அது சரியன்று, அச்சொல் ஓரளவேனும் பொருந்தக்கூடியது குருவிக்குத்தான், அதுவும் துணைக்கண்ட அளவில்.

இது எவ்வாறு நேர்ந்தது என்பதை எண்ணும்தோறும் எனக்கு அந்தச் செடியின்மேல் மதிப்புக் கூடுகிறது. பெம்பிஸின் காய், புல்லிவட்டக் கிண்ணத்துக்குள் அமர்ந்த ஒரு சிறு வெடிகனி. முற்றியதும் மேல்மூடி கழன்று விதைகள் உதிரும். விதையின் புறத்தோல் மிதக்கும் தன்மையது. அலை எடுத்துச் செல்கிறது. நீரோட்டம் அதை வேறொரு பவளக் கரையில் சேர்க்கிறது. வேர் விட்ட இடத்தை ஒருநாளும் விட்டு அகலாத உயிர், தலைமுறை தலைமுறையாக இரண்டு பெருங்கடல்களைக் கடந்திருக்கிறது. தேன்சிட்டுக்குச் சிறகுண்டு, ஆனால் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல்கூட அதன் வரலாற்றில் ஒரு சுவராக நின்றிருக்கிறது. இலங்கையில் வாழ்வதை ஒரு துணையினமாகவும், இந்தியா, வங்காளதேசம், மியான்மரில் வாழ்வதை மற்றொரு துணையினமாகவும் பறவையியலார் பிரித்திருக்கிறார்கள். 1766-இல் லின்னேயஸ் இட்ட அறிவியல் பெயரான சைலோனிகா இலங்கையைக் குறிப்பது. கடைசிப் பனியூழியில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது இரு நாடுகளும் நிலத்தால் இணைந்திருந்தன. பின்னர் நீர் உயர்ந்து பிரித்தது. தனுஷ்கோடி முனையில் நின்று மணல்திட்டுகளை நோக்கும்போது, மண்டபத்தில் என் செம்பருத்திக்கு வரும் குருவியும், தலைமன்னாரில் ஒரு வீட்டு முருங்கைக்கு வரும் குருவியும் வெவ்வேறு துணையினங்கள் என்பதையும், இரு கரையிலும் உள்ள பெம்பிஸுக்கு இந்தக் கடல் ஒரு பாதையாகவே இருந்திருக்கும் என்பதையும் சேர்த்து நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

அரிது என்ற சொல்லை அறிவியல் எவ்வாறு பிரித்துப் பார்க்கிறது என்பதும் இவ்விடத்தில் உதவும். அமெரிக்கச் சூழலியலாளர் டெபோரா ராபினோவிட்ஸ் 1981-இல் மூன்று கேள்விகளை முன்வைத்தார். ஓர் இனத்தின் புவியியல் எல்லை பெரிதா, சிறிதா? அது பலவகை இடங்களில் வாழுமா, ஒரே வகை இடத்தில் மட்டுமா? அது எங்கேனும் பெருந்திரளாக உண்டா, எங்கும் சிறு எண்ணிக்கைதானா? விடைகள் சேரும் விதங்கள் எட்டு. அவற்றில் எல்லை பெரிது, இடம் பலவகை, எண்ணிக்கை மிகுதி என்னும் ஒன்றே எவ்வகையிலும் அரிதல்லாத நிலை. மற்ற ஏழும் அரிதாக இருப்பதன் ஏழு வகைகள். பெம்பிஸுக்கு எல்லை மிகப் பெரிது, சில தீவுகளில் திரளும் பெரிது. ஆனால் இடத்தில் அது விட்டுக்கொடுப்பதே இல்லை. பவளக் கல்லோ பவள மணலோ வேண்டும். உப்புக் காற்று படும் விளிம்பு வேண்டும். வேறு மரங்களின் நிழல் கூடாது. தேன்சிட்டுக்கு எல்லை அதைவிடச் சிறிது. இடத்தைப் பற்றி அதற்கு வழக்கே இல்லை. தோப்பு, வயலோரம், முள்காடு, பேருந்து நிலையத்துக்குப் பின்னாலுள்ள வேலி, மாடியில் வைத்த பூந்தொட்டி, எல்லாம் அதற்கு நிலமே.

1,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் தமிழ்நாட்டுக் கடற்கரையில் பெரும்பகுதி மணல், அல்லது ஆறுகள் கொண்டுவந்த சேறு. பவளத்தால் ஆன கரை என்பது மன்னார் வளைகுடாவையும் பாக் நீரிணையையும் ஒட்டிய சிறு பகுதியே. ஆகவே, இங்கே அருகிக் கிடப்பது அச்செடி நிற்கக்கூடிய கரை; செடி அரிதாக இருப்பது அந்தக் கரை அரிதாக இருப்பதால். தேன்சிட்டுக்கு வேண்டிய இடத்தை நாம் ஒவ்வொரு வீடு கட்டும்போதும், ஒவ்வொரு முருங்கைக் கொம்பு ஊன்றும்போதும் நம்மை அறியாமலேயே உண்டாக்குகிறோம். பெம்பிஸுக்கு வேண்டிய இடத்தை நம்மால் உண்டாக்க முடியாது. அதைப் பவள உயிர்கள்தாம் கட்ட வேண்டும். அதுவும் நம் வாழ்நாட்களால் அளக்க முடியாத நிதானத்தில்.

அந்தக் கரையை நாம் என்ன செய்தோம் என்பது இந்த மாவட்டத்து முதியோர் பலருக்கும் நேரில் தெரிந்த கதை. பல பத்தாண்டுகள் இந்த வளைகுடாவில் பவளக்கல் வெட்டி எடுக்கப்பட்டது. சுண்ணாம்புக்குப் போயிற்று, கட்டடத்துக்குப் போயிற்று, ஆலைகளுக்குப் போயிற்று. எடுத்தவர்களைக் குறை கூறுவது எளிது. அந்நாளில் அது சட்டப்படியான பிழைப்பாகவும் பலருக்கு ஒரே கூலியாகவும் இருந்தது. ஆனால் விளைவு கண்முன் நிற்கிறது. பவளப்பார் ஒரு தீவுக்கு முன்னால் அலையை வாங்கி உடைப்பது. அதை எடுத்துவிட்டால் அலை நேரே தீவின் மணலில் அடிக்கும். 21 தீவுகளில் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும், தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குச்சல்லியும் இப்போது நீருக்கடியில் இருக்கின்றன. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டு, எடுப்பதற்கு முற்றிலும் தடை வந்தது. ஒரு தீவு கரையும்போது முதலில் போவது அதன் விளிம்பு. பெம்பிஸ் வாழ்வதோ விளிம்பில் மட்டுமே. உட்பகுதியில் பூவரசும் பனையும் இன்னும் சில ஆண்டுகள் நிற்கலாம். விளிம்பில் நிற்பதற்கு அந்த அவகாசம் இல்லை. இது மட்டுமன்றி, மிகவும் வெம்மையான கோடைகளில் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்து மடிவதும் இங்கே நிகழ்கிறது. 2016-இல் அது பெரிய அளவில் நிகழ்ந்தது. கட்டுபவர்களே மடிந்தால் கரை எங்கிருந்து வரும்?

பெம்பிஸின் பூவைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி அதுதான். தள்ளி நின்று பார்த்தால் எல்லாச் செடிகளின் பூவும் ஒன்றுபோலவே தெரியும். உண்மையில் இரண்டு வகைச் செடிகள் உண்டு. ஒரு வகையில் சூல்தண்டு நீண்டு, மகரந்தத்தை ஏற்கும் அதன் முனையான சூல்முடி பூவின் வாய்க்கு வெளியே தலைநீட்டும். மகரந்தப்பைகள் உள்ளே தாழ்ந்திருக்கும். மற்ற வகையில் சூல்தண்டு குட்டையாகி உள்ளே ஒடுங்கும். நீண்ட மகரந்தத்தாள்கள் வெளியே தெரியும். ஒரு செடியில் ஒரு வகைப் பூவே இருக்கும். தேனீ ஒரு வகைப் பூவில் தேன் எடுக்கும்போது அதன் உடலில் எந்த இடத்தில் மகரந்தம் படிகிறதோ, அதே இடம்தான் மற்ற வகைப் பூவின் சூல்முடியைத் தொடும். அதாவது, நெடுஞ்சூல் செடியும் குறுஞ்சூல் செடியும் ஒன்றுக்கொன்று துணை. ஒரே வகைக்குள் மகரந்தம் பரிமாறப்பட்டால் விதை குறைவதே இத்தகைய அமைப்பின் பொது இயல்பு. டார்வின் பிரிமுலாச் செடிகளில் இதே அமைப்பை ஆராய்ந்து, 1877-இல் ஒரு நூலே எழுதினார்.

அல்டாப்ராவின் அடர்ந்த புதரில் இந்த ஏற்பாட்டுக்கு எந்த இடரும் இல்லை. ஆயிரக்கணக்கான செடிகள் நெருங்கி நிற்கும் இடத்தில் இரு வகையும் கலந்தே இருக்கும். ஆனால் ஒரு சிறு தீவின் விளிம்பில் சில செடிகளே மிஞ்சியிருந்து, ஒரு புயலில் அவற்றிலும் பாதி போய், எஞ்சியவை எல்லாம் ஒரே வகையாக அமைந்துவிட்டால் என்ன ஆகும்? செடிகள் நிற்கும், பூக்கும், தேனீயும் வரும், பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் நலமாகவே தோன்றும், விதை மட்டும் அருகிவிடும். எண்ணிக்கை குறைவது மட்டுமே ஆபத்து என்று நினைக்கிறோம். இச்செடியில் எண்ணிக்கைக்குள் இன்னோர் எண்ணிக்கை ஒளிந்திருக்கிறது. தேன்சிட்டில் ஆண் யார், பெண் யார் என்பது குழந்தைக்கும் தெரியும்படி நிறத்தில் எழுதியிருக்கிறது. பெம்பிஸில் துணை இருக்கிறதா இல்லையா என்பதை அறியக் குனிந்து பூவின் வாய்க்குள் பார்க்க வேண்டும்.

இச்செடிக்கு வேறொரு தொல்லையும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதன் கட்டை மிகவும் கடினமானது, எளிதில் வளையாதது. பசிபிக் தீவுகளில் கருவிப்பிடிகளுக்கும் ஊன்றுகோலுக்கும் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்த முறுக்கேறிய உருவமே இப்போது பொன்சாய் வளர்ப்பவர்களின் ஆசையாகிவிட்டது. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் கரையோரப் பாறைகளிலிருந்து முதிர்ந்த செடிகளைப் பெயர்த்தெடுத்து விற்பது ஒரு வணிகமாகவே நடக்கிறது. காற்றும் உப்பும் பல பத்தாண்டுகள் செதுக்கிய உருவத்தைத் தொட்டியில் வைத்து அழகு பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நம் தீவுகளுக்கு அந்தச் சந்தை வந்துவிடாதிருக்க, நுழைவுக் கட்டுப்பாடு இன்று இருப்பதைவிடத் தளரக் கூடாது என்பதே என் விருப்பம். சுற்றுலாப் படகுகள் ஓடும் குருசடையிலும் செடிகளுக்கு அருகே செல்லும் நடைபாதை இன்னும் சற்று விலகியிருக்கலாம்.

தேன்சிட்டைக் கணக்கெடுக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. 2015 முதல் ஒவ்வொரு பொங்கலின்போதும் தமிழ்நாடு முழுவதும் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று, கண்டதையும் கேட்டதையும் எண்ணிப் பதிய வேண்டும். யார் வேண்டுமானாலும் செய்யலாம். நானும் எங்கள் தெருப் பிள்ளைகளும் திண்ணையிலிருந்தே செய்கிறோம். ஊசியால் குத்துவதைப் போன்ற அந்தக் கூர்மையான சிற்றொலியைக் கேட்டதும், பறவையைப் பார்க்கும் முன்னரே பிள்ளைகள் பெயரை எழுதிவிடுகிறார்கள். இப்படிப் பல ஊர்களிலிருந்து ஆண்டுதோறும் சேரும் குறிப்புகளால், நாளை இந்தக் குருவி குறையத் தொடங்கினால் அது நமக்குத் தெரியவரும். எளிதில் காணக்கூடிய உயிருக்குக் கிடைக்கும் பெரிய பாதுகாப்பு இது.

பெம்பிஸுக்கும் அப்படி ஒன்று தொடங்கலாம் என்று நினைக்கிறேன். அதற்குப் பெரிய செலவும் ஆகாது. தீவுகளுக்குச் சென்றுவரும் வனத்துறையினருக்கும், அனுமதி பெற்ற ஆய்வு மாணவர்களுக்கும், குருசடையில் வழிகாட்டும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பூவின் இரு வகைகளைப் படத்தோடு ஒருமுறை விளக்கினால் போதும். தீவின் பெயர், கரையின் எந்தப் பக்கம், செடிகள் எத்தனை, பூத்திருப்பவற்றில் வாய்க்கு வெளியே சூல்முடி தெரிவன எத்தனை, மகரந்தத்தாள் தெரிவன எத்தனை என்னும் ஐந்து குறிப்புகள் ஒரு வரியில் அடங்கும். எந்தத் தீவில் ஒரு வகை மட்டும் எஞ்சியிருக்கிறது என்பது தெரிந்தால், அருகிலுள்ள தீவில் முதிர்ந்த காய்களிலிருந்து மற்ற வகைச் செடிகளின் விதையைச் சேகரித்து, நாற்றாக்கி, அந்த விளிம்பிலேயே ஊன்றலாம். அடுத்த முறை குந்துகாலுக்குச் செல்லும்போது அந்த வழிகாட்டிப் பெண்மணியிடம் காட்டுவதற்காக இரு பூக்களையும் பெரிதாக வரைந்து வைத்திருக்கிறேன்.